தூக்கணாங்குருவியின் குறைக்கூடு



தூக்கணாங்குருவியின் கூட்டை நீங்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். பனையோலையின் நுனியிலோ, கிணற்றின்மேல் சாய்ந்து நிற்கும் உடைமரத்தின் கிளையிலோ, ஒரு சுரைக்குடுக்கையைத் தலைகீழாகத் தொங்கவிட்டாற்போல அது காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். அடுத்த முறை அத்தகைய மரம் ஒன்றின் கீழ் நிற்க நேர்ந்தால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே தொங்கும் கூடுகள் யாவும் ஒரே வடிவின அல்ல. சில முழுமை பெற்றவை. அவற்றின் அடியில் நீண்ட குழல் போன்ற வாயில் இருக்கும். வேறு சில பாதியில் நின்றுவிட்டவை. அவை அடிப்புறம் திறந்து, குறுக்கே ஒரு பட்டையுடன், போர்வீரனின் தலைக்கவசத்தைக் கவிழ்த்து மாட்டியது போலத் தோன்றும்.

இக்குறைக்கூடுகளைக் கட்டியது யார்? எதற்காகப் பாதியில் நிறுத்தியது? இந்த எளிய வினாவிற்குச் சரியான விடை கிடைக்க வெகுகாலம் ஆயிற்று. அவ்விடை கிடைத்த வரலாற்றையும், அது நமக்குக் கற்பிப்பதையும் இன்று கூற விரும்புகிறேன்.

நான் வாழும் சாகுபுரம் தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் இடையே, முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற கடற்கரையில் உள்ளது. கிழக்கே உப்பளங்கள், தென்மேற்கே செம்மணல் தேரி, வடக்கே ஆத்தூர்ப் பக்கம் சென்றால் தாமிரபரணி நீர் பாயும் நெல்வயல்களும் வெற்றிலைக் கொடிக்கால்களும் காணலாம். இவை எல்லாவற்றிற்கும் இடையே எங்கும் நிற்பது பனை. வயலும் பனையும் அடுத்தடுத்து இருக்கும் இடம் தூக்கணாங்குருவிக்கு உகந்த இடம். அதற்கு வேண்டிய உணவும் நாரும் வயலில் உண்டு. கூட்டைத் தொங்கவிடுவதற்கு ஓலை உண்டு.

தமிழருக்கு இப்பறவையோடு உள்ள பழக்கம் இன்று நேற்று ஏற்பட்டதன்று. நெடிய கரிய பனையில் இக்குருவி பின்னிய கூட்டைக் குறுந்தொகையில் உறையூர்ப் பல்காயனார் குறிப்பிடுகிறார். புறநானூற்றில் ஆலத்தூர் கிழார், ஒரு பக்கத்தே தொங்கவிட்ட வலம்புரிச் சங்கிற்கு இக்குருவியின் தொங்கும் கூட்டை உவமை ஆக்குகிறார். சங்கு குளிப்பவர் வாழும் எங்கள் கரையில் பிறந்த பிள்ளைக்கு இவ்வுவமையை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. கடலில் கிடைக்கும் சங்கும், கரையில் ஆடும் கூடும் அவன் இரண்டையும் கண்ணால் கண்டவை. மேலும், மழையில் நனைந்த குரங்கிற்கு அறிவுரை சொல்லித் தன் கூட்டை இழந்த தூக்கணாங்குருவியின் கதையைக் கேளாத தமிழ்க் குழந்தை உண்டோ?

கதையில் வரும் குருவியை நாம் நன்கு அறிவோம். மரத்தில் வாழும் குருவியையோ பலர் அறியார். ஆகவே முதலில் அதன் தோற்றத்தைக் கூறுகிறேன். ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளம், சிட்டுக்குருவியின் அளவு. எடை 30 கிராமுக்கு மேற்படாது. தானியத்தை உடைப்பதற்கேற்ற தடித்த கூம்பு வடிவான அலகு. ஆண்டின் பெரும்பகுதியில் ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே இருக்கும். பெண் சிட்டுக்குருவி என்றே நாம் மயங்கிவிடுவோம். இனப்பெருக்கக் காலம் வந்ததும் ஆணின் கோலம் மாறுகிறது. உச்சந்தலை பொன்னிறமாகிறது, கன்னமும் தொண்டையும் கரும்பழுப்பாகின்றன. அக்கோலத்துடன் ஆண்கள் கூட்டமாக இருந்து, சிட் சிட் என்று தொடங்கிச் சீ என்று நீட்டி முடியும் ஒலியை ஒருங்கே எழுப்பும். குயிலின் இனிமை அதில் இல்லை. ஆயினும் உயிரியலார் இதனைப் பாடும் பறவைகளின் பெரும் பிரிவிலேயே சேர்த்துள்ளனர்.

இதன் அறிவியற் பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. 1766ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், இது பிலிப்பைன் தீவுகளிலிருந்து வந்தது என்று கருதி, பிலிப்பைனஸ் என்னும் பெயர் சூட்டினார். உண்மையில் இது அத்தீவுகளுக்கு உரிய பறவையே அன்று. இந்தியாவிலும் இலங்கையிலும் தென்கிழக்காசியாவின் பிற பகுதிகளிலும் வாழ்வது. எனினும் பெயர் நிலைத்துவிட்டது. நூலில் உள்ள பெயரைக்கூடக் கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இனி, கூடு கட்டும் முறையைப் பார்ப்போம். மழையை ஒட்டி வயலில் நெற்பயிரும் புல்லும் நீண்டு வளரும்போது வேலை தொடங்குகிறது. ஆண் குருவி ஒரு நெல்தாளில் அமர்ந்து அதன் விளிம்பை அலகால் கடித்துச் சிறு வெட்டு ஏற்படுத்துகிறது. பின் வெட்டிய ஓரத்தைக் கவ்விக்கொண்டு மேலே பறக்கிறது. தாள் நெடுகக் கிழிந்து ஒரு நாராக வந்துவிடுகிறது. அந்நார் 20 முதல் 60 சென்டிமீட்டர் வரை நீளமுடையது. பனையோலையிலும் தென்னோலையிலும் இவ்வாறே கிழிப்பதுண்டு. பச்சை நாராக இருப்பதால் அது வளைத்த பக்கம் வளையும், உலர்ந்தபின் இறுகிவிடும்.

கொண்டுவந்த நாரை ஓலை நுனியில் சுற்றி முடிச்சிட்டு, முதலில் ஒரு தண்டு அமைக்கிறது. அதிலிருந்து ஒரு வளையம் பின்னி, அவ்வளையத்திலேயே அமர்ந்துகொண்டு மேற்கொண்டு வேலை செய்கிறது. வளையத்தின் ஒரு பக்கம் முட்டையிடும் அறையாக விரிகிறது. மறுபக்கம் வாயிலுக்கென விடப்படுகிறது. ஏறத்தாழ எட்டு நாளில் கூடு தலைக்கவச வடிவை அடைகிறது. முழுக்கூடும் முடிய ஏறத்தாழ 18 நாள் ஆகிறது. ஒரு கூட்டிற்காக ஓர் ஆண் 500 முறை வரை நார் தேடிச் சென்று மீளும் என்று கணக்கிட்டுள்ளனர். கையின்றி, ஊசியின்றி, அலகு ஒன்றையே கொண்டு செய்யும் வேலை இது!

தலைக்கவச நிலையில், உட்சுவரில் ஈரமண் உருண்டைகளை அப்பி வைப்பதும் உண்டு. மண்ணில் மின்மினியைப் பதித்து இரவில் கூட்டிற்கு விளக்கேற்றுகிறது என்று நம் பாட்டிமார் சொல்வர். அழகிய கற்பனைதான். ஆனால் கூட்டைப் பிரித்துப் பார்த்தவர்கள் மண்ணைத்தான் கண்டனர், விளக்கைக் காணவில்லை.

சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய ஜெர்டான் என்பவர் 1862 முதல் 1864 வரை இந்தியப் பறவைகள் பற்றிய பெருநூல் ஒன்றை வெளியிட்டார். அவர் ஒரு கூட்டில் இருந்த மண்ணை எடுத்து நிறுத்தே பார்த்தார். ஆறு இடங்களில் மொத்தம் மூன்று அவுன்ஸ், அதாவது சுமார் 85 கிராம் இருந்தது. பறவையின் எடையைப் போல் அது மும்மடங்கு! காற்றில் கூடு அலைக்கழியாமல் நிற்பதற்கே இப்பாரம் என்று அவர் கருதினார். ஆனி ஆடி மாதங்களில் தேரி மணலையே இடம்பெயர்க்கும் காற்றில் வளர்ந்த எங்களுக்கு இவ்விளக்கம் பொருத்தமாகவே படுகிறது. நிறுத்துப் பார்க்கும் பழக்கம் எவ்வளவு பெரிய பழக்கம் என்பதை இங்கே எண்ணிப் பாருங்கள்.

ஆயின் குறைக்கூட்டின் புதிர் அப்போதும் அவிழவில்லை. பெண் அடைகாக்கும்போது ஆண் அமர்ந்து ஓய்வு கொள்ளக் கட்டிய ஊஞ்சல் அது என்று பலர் எண்ணினர். ஓர் ஆணுக்கு ஒரு பெண், ஓர் இணைக்கு ஒரு கூடு என்று முன்னரே முடிவு செய்துகொண்டு பார்த்தமையால், மிஞ்சி நின்ற கூடுகளுக்கு ஏதேனும் ஒரு காரணம் கற்பிக்க வேண்டியதாயிற்று.

1930ஆம் ஆண்டில் இப்புதிர் அவிழ்ந்தது. அவிழ்த்தவர் சாலிம் அலி. 1896இல் பிறந்து 1987இல் மறைந்த அப்பெரியாரை இந்தியப் பறவையியலின் தந்தை எனப் போற்றுகிறோம். ஜெர்மனியில் பயிற்சி பெற்றுத் திரும்பிய அவருக்கு அப்போது நிலையான வேலை இல்லை. பம்பாய்க்குத் தெற்கே கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் தங்கியிருந்தார். அருகே தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டின. வேலையில்லாத நாள்களை அவர் வீணாக்கவில்லை. நாள்தோறும் மணிக்கணக்கில் அமர்ந்து, ஒவ்வொரு கூட்டிலும் நடப்பதைக் குறித்துவந்தார். 1931இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் அவர் கட்டுரை வெளிவந்தது.

அவர் கண்டது இதுதான். ஆண்கள் முதலில் தாமாகவே கூடு கட்டத் தொடங்குகின்றன. கூடுகள் தலைக்கவச நிலையை அடையும்போது பெண்கள் ஒன்றாக வந்து சேர்கின்றன. ஆண்கள் தத்தம் கூட்டில் தொங்கிக்கொண்டு சிறகடித்துக் கூவி அழைக்கின்றன. பெண் ஒவ்வொரு கூடாகப் புகுந்து, நாரை இழுத்துப் பார்த்துச் சோதிக்கிறது. பிடித்தால் ஏற்கிறது, பிடிக்காவிட்டால் அடுத்த கூட்டிற்குச் செல்கிறது. ஏற்ற பின்னரே ஆண் அறையை மூடி, வாயிற்குழலைப் பின்னி, கூட்டை நிறைவு செய்கிறது. பெண் உள்ளே மெத்தென்ற பொருள்களை இட்டு, இரண்டு முதல் நான்கு வரை வெண்ணிற முட்டைகள் இடுகிறது. அது அடைகாக்கும்போது ஆண் சும்மா இருப்பதில்லை. வேறொரு கூட்டைத் தொடங்கி வேறொரு பெண்ணை அழைக்கிறது. ஒரே பருவத்தில் ஓர் ஆணுக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் பல பெண்கள் துணையாதல் உண்டு.

இப்போது விடை தெளிவாகிறது அல்லவா? குறைக்கூடு ஊஞ்சல் அன்று, ஓய்வறையும் அன்று. எந்தப் பெண்ணும் ஏற்காது போன கூடு அது. அல்லது, இனித்தான் ஒரு பெண் வந்து பார்க்க வேண்டிய கூடு. பாதியில் நிறுத்துவதிலும் ஒரு சிக்கனம் உண்டு. ஏற்கப்படுமோ படாதோ என்று தெரியாத வீட்டிற்கு வாயிற்குழல் வரை பின்னி உழைப்பைச் செலவிடுவானேன்? எட்டு நாள் வேலையோடு நின்று, பெண்ணின் தீர்ப்பை அறிந்த பின்னரே எஞ்சிய வேலையைச் செய்கிறது.

பெண் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது என்பதும் நல்ல கேள்வி. பின்னலின் அழகை என்றுதான் நாம் எண்ணுவோம். அண்மைக் காலத்து ஆய்வுகளோ, பின்னலைக் காட்டிலும் கூடு தொங்கும் இடமே பெண்ணுக்கு முதன்மையானது எனக் காட்டுகின்றன. காகமும் பாம்பும் எலியும் முட்டைக்கும் குஞ்சுக்கும் பகைவர். அவை எளிதில் எட்ட முடியாத இடமாக இருத்தல் வேண்டும். உயர்ந்த பனையின் ஓலை நுனி, முள்மரத்தின் மெல்லிய கிளை, கிணற்று நீருக்கு மேற்பட்ட வெளி ஆகியவற்றில் கூடுகள் தொங்குவதன் காரணம் இதுவே. காற்று அடிக்கும் திசைக்கு மறைவான பக்கத்தில், பெரும்பாலும் மரத்தின் கிழக்குப் பக்கத்தில், கூடுகள் அமைவதையும் ஆய்வாளர் குறித்துள்ளனர்.

மற்றொரு வினாவும் உங்கள் மனத்தில் எழலாம். இக்கலையைக் குருவி கற்கிறதா, பிறவியிலேயே பெற்றுவிடுகிறதா? இதற்குத் தூக்கணாங்குருவியின் ஆப்பிரிக்க உறவினரிடத்தே நடத்திய ஆய்வு ஒன்று ஒளி தருகிறது. அமெரிக்காவைச் சேர்ந்த கோலியாஸ் தம்பதியர் 1964இல் வெளியிட்ட ஆய்வு அது. இளம் ஆண் குருவிகள் சிலவற்றிற்கு நார் எதுவும் கிடைக்காதபடி வளர்த்தனர். பின்னர் நார் கொடுத்தபோது, இளமை முதல் நாரோடு விளையாடிப் பழகிய குருவிகளைப் போல அவற்றால் திறம்படப் பின்ன இயலவில்லை. பின்ன வேண்டும் என்னும் உந்துதல் பிறவியில் வருகிறது. பின்னும் திறமை பழக்கத்தால் வருகிறது. நெடுநாள் பள்ளிக்கூடத்தில் பணியாற்றிய எனக்கு இம்முடிவு வியப்பளிக்கவில்லை, மகிழ்ச்சி அளித்தது.

அதே 1964ஆம் ஆண்டில் ஜான் குரூக் என்னும் ஆங்கில அறிஞர், ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழும் பலவகை நெசவுக் குருவிகளை ஒப்பிட்டு எழுதினார். காட்டில் வாழ்ந்து பூச்சியை உண்ணும் வகைகள் பெரும்பாலும் இணையாகத் தனித்து வாழ்கின்றன. திறந்த வெளியில் வாழ்ந்து விதையை உண்ணும் வகைகள் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. விதை ஓரிடத்தில் மிகுதியாக விளைகிறது; ஆனால் வெட்டவெளியில் பாதுகாப்பான மரங்கள் சிலவே. ஆகவே பல பறவைகள் அச்சில மரங்களில் வந்து குவிகின்றன. வயல் பரந்து, இடையிடையே பனை நிற்கும் எங்கள் சீமையை எண்ணிக்கொண்டு இக்கருத்தைப் படித்தால் அது இன்னும் நன்றாக விளங்கும்.

உழவர்க்கு இக்குருவியின்மேல் ஒரு குறை உண்டு. கதிர் முற்றும்போது கூட்டமாக இறங்கித் தானியத்தைத் தின்னும் என்பர். அது மெய்யே. ஆனால் குஞ்சுகளுக்கு அது பூச்சிகளையும் ஊட்டுகிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரு பறவையை நண்பன் என்றோ பகைவன் என்றோ ஒரே சொல்லில் முடித்துவிடுவது நேரிய கணக்காகாது.

பணியில் இருந்த காலத்தில் ஒரு முறை மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு பனங்காட்டிற்குச் சென்றேன். பள்ளிப் பொருட்காட்சிக்கு ஒரு கூடு வேண்டும் என்று மாணவன் ஒருவன் தொரட்டியுடன் வந்திருந்தான். அங்கே பனையேறும் பெரியவர் ஒருவர் அதைக் கண்டு எங்கள் அருகில் வந்தார். "இப்போ தொடாதீங்க சார்வாள். உள்ளே குஞ்சு இருக்கு. அது பறந்து போன பொறவு எடுத்துக்கிடுங்க, கூடு எங்கயும் போயிராது" என்றார். கீழிருந்து எங்களுக்கு எந்த ஒலியும் கேட்கவில்லை. அடுத்த பனையின் உச்சியில் இருந்து பாளை சீவியவருக்குக் குஞ்சின் குரல் கேட்டிருக்கிறது. மட்டை அறுக்கும்போது கூடு தொங்கும் ஓலையை மட்டும் விட்டுவிடுவது தம் தந்தை காலத்து வழக்கம் என்றும் அவர் சொன்னார். மாணவர்கள் அன்று கூட்டை எடுக்கவில்லை. குறைக்கூடு எத்தனை, முழுக்கூடு எத்தனை என்று எண்ணிக் குறித்துக்கொண்டு திரும்பினர். பொருட்காட்சியில் அக்குறிப்பேடே வைக்கப்பட்டது.

அப்பெரியவர் சொன்னதை நாம் இன்று ஊன்றி எண்ண வேண்டியிருக்கிறது. தூக்கணாங்குருவி உலகில் அருகிவிட்ட பறவை அன்று. இந்தியாவில் உள்ள நான்கு வகை நெசவுக் குருவிகளுள் வடக்கே தராய்ப் பகுதியில் வாழும் பெரிய அலகுடைய வகையே அழியும் ஆபத்தில் இருப்பதாக அறிவிக்கப்பட்டுள்ளது. எனினும் ஒரு பறவை உலகில் எங்கோ வாழ்கிறது என்பதால் நம் ஊருக்கு என்ன பயன்? நம் ஊரில் அது வாழ்வதற்கு வயலும் வேண்டும், பனையும் வேண்டும். பனை நம் மாநில மரம். பதநீரும் நுங்கும் கருப்பட்டியும் ஓலையும் தந்து இக்கரை மக்களைக் காத்த மரம். அதுவே செங்கல் சூளைக்கு விறகாக வெட்டப்பட்டதை எங்கள் பக்கத்தில் கண்டோம். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெற வேண்டும் என்று தமிழக அரசு 2021இல் அறிவித்தது. சட்டம் மரத்தை வெட்டாமல் தடுக்கலாம். புதிய மரத்தை நட வேண்டியவர் நாமே. பனையேறுவோர் குறைந்துவரும் இந்நாளில், குஞ்சின் குரலைக் கேட்டுச் சொல்லும் காதுகளும் குறைந்து வருகின்றன என்பதை மறக்கலாகாது.

பெண் குருவி இடத்தைப் பார்த்தே கூட்டை ஏற்கிறது என்று முன்னர்க் கூறினேன் அல்லவா? உயர்ந்த பனைகள் போய்விட்டால், ஆண் எவ்வளவு திறமையாகப் பின்னினாலும் பயன் என்ன? பின்னல் குருவியின் பொறுப்பு. இடம் நம் பொறுப்பு.

ஆகவே மாணவர்களிடம் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். முதலாவது: உங்கள் ஊரில் தூக்கணாங்குருவி கூடு கட்டும் மரம் ஒன்றைக் கண்டறிந்து, ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். நாள், மரம், குறைக்கூடு எத்தனை, முழுக்கூடு எத்தனை, மரத்தின் எந்தப் பக்கத்தில் தொங்குகின்றன என்று வாரந்தோறும் எழுதுங்கள். சாலிம் அலி கிஹிமில் செய்ததும் இவ்வகை வேலையே. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டுவதில்லை. இரண்டாவது: அழகிற்காகக் கூட்டை அறுத்து வீட்டில் மாட்டாதீர்கள். முட்டை பொரிக்க 14 முதல் 17 நாளும், குஞ்சு பறக்க மேலும் 17 நாள் அளவும் ஆகும். குருவி கைவிட்ட கூடும் வீணன்று. வெண்தொண்டைச் சில்லை என்னும் சிறு பறவை அதில் குடியேறி முட்டையிடும். மூன்றாவது: பனம்பழக் காலத்தில் ஆளுக்குச் சில கொட்டைகளைக் குளக்கரையிலோ வாய்க்கால் ஓரத்திலோ ஊன்றுங்கள். பனை மெல்ல வளரும் மரம். இன்று நீங்கள் ஊன்றும் விதை ஓங்கி நிற்கும்போது நீங்கள் பெற்றோராகியிருப்பீர்கள், உங்கள் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்து, "இந்தக் கூடு ஏன் பாதியில் நிற்கிறது?" என்று கேட்பார்கள். அப்போது விடை சொல்ல உங்களுக்குத் தெரிந்திருக்கும்.